என் மெஷின் பார்க்காத வயிறு

போன வருஷம் தை மாதம், காளவாசலில் ஒரு பாத்திரக்கடை. அக்கா கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கப் போயிருந்தோம். அம்மா ஒவ்வொரு குடமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குப் பொழுது போகவில்லை. எதிரே அடுக்கியிருந்த எவர்சில்வர் குடங்களில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய குடத்தில் மூக்கு மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. சின்னக் குடத்தில் மூக்கே முகமாகி, காதுகள் இரண்டும் எங்கோ ஓரத்துக்கு ஓடிவிட்டன. சட்டென்று பொறி தட்டியது. என் முகம் எனக்குத் தெரியும். அது கோணியிருக்கும் விதத்தை வைத்தே குடம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாமே! குடத்தைத் தொடக்கூட வேண்டாம்.

கடையில் நின்றபடியே லேப் நண்பனுக்குப் போன் போட்டேன். "மாப்ள, வழி கெடச்சிருச்சுடா. இங்க குடத்துல என் மூஞ்சி தெரியுதுல்ல..." என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"மொதல்ல அந்த மூஞ்சியக் கழுவிட்டு லேபுக்கு வா, பேசுவோம்" என்றான். ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது அவன் எனக்கு முன்னால் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தான்.

எங்கள் சிக்கலைச் சொன்னால்தான் அந்தக் குதூகலம் புரியும். ஸ்கேன் சென்டரில் வயிற்றில் வைத்துத் தேய்ப்பார்களே, அந்தக் கருவி கெட்டியானது. நாங்கள் ஆராய்ச்சி செய்வது வளையக்கூடிய பட்டை. காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் மாதிரி உடம்பில் ஒட்டிவிட்டால் போதும், வரிசையாகப் பதித்த குட்டிக் குட்டிச் சில்லுகள் ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து படம் வரைய வேண்டுமானால், ஒவ்வொரு சில்லும் எந்த இடத்தில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். பட்டையோ ஆளுக்கு ஆள், மூச்சுக்கு மூச்சு வளைகிறது. வளைவு தெரியாவிட்டால் படம் குடத்தில் தெரிந்த என் மூக்கு மாதிரி ஆகிவிடும். ஆக, எதிரொலியின் கோணலை வைத்தே பட்டையின் வளைவைக் கண்டுபிடிக்க ஒரு நிரலைப் பழக்குவது என்று முடிவு செய்தோம். நூற்றுக்கணக்கான தடவை பட்டையை விதவிதமாக வளைத்து ஒட்டி, 'இந்த எதிரொலிக்கு அசல் வளைவு இதுதான்' என்று காட்டிக்கொண்டே வந்தால், பிறகு எதிரொலியை மட்டும் கேட்டு வளைவை அதுவே ஊகித்துச் சொல்லும். மெஷின் லேர்னிங் என்பது எங்கள் வேலையில் அம்புட்டுத்தான்.

ஒரு வருஷம் அதிலேயே கிடந்தேன். கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி, குடத்தையும் தண்ணீர் கேனையும் பிளாஸ்டிக் குழாயையும் அச்சாக வைத்து ஜெல்லி வயிறுகள் செய்தேன். அப்புறம் ஹாஸ்டல் பசங்களைப் படுக்கவைத்து, அவர்கள் வயிற்றில் ஒட்டினேன். மெஸ் சோற்றிலும் பரோட்டாவிலும் வளர்ந்த வயிறுகள். 'சாப்பிடாம வாங்கடா' என்றால் வடை தின்ற வாயை வாசலில் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். நிரல் எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த வருஷம் மாசியில், வெளியாட்களிடம் சோதித்துப் பார்க்க அனுமதி வந்தது. எங்கள் பேராசிரியை ஒரே ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்கிரீனில் எது தெரிந்தாலும் வந்தவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சந்தேகம் என்றால் அவரிடம் சொல்ல வேண்டும், அவர் டாக்டரிடம் கேட்பார். நான் தலையாட்டினேன். நான் தலையாட்டுவதில் கெட்டிக்காரன்.

பரவை மார்க்கெட்டிலிருந்து எங்கள் மெஸ்ஸுக்குக் காய்கறி லாரி வரும். அதில் வருகிற லோடுமேன் அண்ணன் ஒருவர், நாற்பது வயதிருக்கும், செல்லூரில் வீடு. மூட்டையை இறக்கிவிட்டுப் போகும்போது லேப் வாசலில் நின்று, "என்ன தம்பி, இன்னைக்கும் ஜெல்லி கிண்டுறியா? எங்களுக்கு ஒரு தட்டு குடுக்குறது?" என்று கிண்டல் செய்வார். அது நோன்பு மாதம். விடியலுக்கு முன் சாப்பிட்டவர், பிறகு பச்சைத் தண்ணீர் குடிக்காமல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வயிற்றை ஸ்கேன் பண்ண வெறும் வயிறுதான் வசதி. எனக்கு அந்த வசதி மட்டும்தான் கண்ணில் பட்டது.

"அண்ணே, நீங்க எப்படியும் சாப்பிடாமத்தான இருக்கீங்க. அரை மணி நேரம் படுத்தீங்கன்னா எனக்கு உதவியா இருக்கும்" என்றேன்.

"நோன்பு முறியாதுல்ல?"

"வெளியில ஒட்டுறதுதாண்ணே. ஒண்ணும் ஆகாது." எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொன்னேன். பிறகு அவரே பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டு, மறுநாள் மதியம் வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

சட்டையைக் கழற்றிப் படுத்தார். தோளும் கழுத்தும் உருட்டிவைத்த மாதிரி இருந்தன. பட்டையை வயிற்றின் குறுக்கே ஒட்டினேன், வழக்கம்போலப் பதிவுக்கு ஒரு போட்டோ எடுத்தேன், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். நிரல் வளைவைச் சொன்னது, படம் வந்தது. இதயத்திலிருந்து வயிறு வழியாக இறங்கும் பெரிய ரத்தக்குழாய் நடுவில் வட்டமாகத் தெரிய வேண்டும். அகலமாகத் தெரிந்தது. அளந்தேன். இரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டியது மூன்றரை காட்டியது. அந்த வாரம்தான் அந்தக் குழாய் வீங்கினால் என்ன ஆகும் என்று ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்திருந்தேன். இரண்டே பக்கம்.

"என்ன தம்பி, உள்ள ஏதாச்சும் இருக்கா, காலியா?" என்று படுத்தபடியே சிரித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். லேபில் வேறு யாருமில்லை. "அண்ணே, வயித்துல இருக்குற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்க மாதிரி தெரியுது. நீங்க இனிமே வெயிட்டு தூக்காதீங்க" என்றேன்.

"தூக்காம? தக்காளி தானா லாரிய விட்டு எறங்கி நடந்து வருமா?"

நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததைப் பார்த்துத்தான் அவர் சிரிப்பு நின்றது.

"தூக்குனா என்னாகும் தம்பி?"

"வெடிச்சிரலாம்ணே."

அப்படியே சொன்னேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். வந்தபோது ஒரே மூச்சில் மேசைமேல் ஏறிப் படுத்தவர், இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். "நல்லவேள தம்பி, நீ பாத்த" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதவே கை கூசுகிறது: அந்த நேரம் எனக்குள் இருந்தது கவலை இல்லை, சந்தோஷம். என் மெஷின் ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்டது! சாயங்காலம் நண்பனிடம், "ஒரு உயிரக் காப்பாத்திட்டேன்டா மாப்ள" என்றேன். "மேடத்துட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான். "இரு, நல்லா அழகா ரெடி பண்ணிச் சொல்றேன்" என்று இரண்டு நாள் அந்தப் படத்துக்கு வண்ணம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

பேராசிரியை படத்தை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். "ஒட்டுனப்ப எடுத்த போட்டோ எங்க?" என்றார். காட்டினேன். அப்போதுதான் நானே அதைச் சரியாகப் பார்க்கிறேன். விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே அவர் வயிறு தட்டு மாதிரிக் குழிந்திருந்தது. பட்டை தொட்டில் சேலை போலத் தொய்ந்து கிடந்தது. ஆனால் நிரல் சொன்ன வளைவோ வெளியே புடைத்திருந்தது, பாத்திரக்கடைக் குடம் போல. குழிவாக ஒரு வளைவை அது பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லவும் அதற்கு நான் கற்றுத்தரவில்லை. குழிவைப் புடைப்பு என்று எடுத்துக்கொண்டதால், உள்ளே இருந்ததை எல்லாம் விசிறி மாதிரி அகல விரித்து வரைந்திருக்கிறது.

"இத்தன நூறு டேட்டா எடுத்திருக்க. பசிச்ச வயிறு ஒண்ணுகூட இல்லயா?" என்றார் மேடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தார். "அவர்ட்ட எதுவும் சொல்லலைல?"

"இல்ல மேடம்."

பொய் சொல்லிவிட்டேன். மெஷின் செய்த தப்புக்குக் குழிவு காரணம். இந்தப் பொய்க்கு நான் ஒருவன்தான் காரணம். அண்ணன் இதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள், அத்தோடு முடிந்திருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அவருடைய நம்பர் படிவத்தில் இருந்தது. தினமும் எடுத்துப் பார்ப்பேன், போன் போட மாட்டேன்.

அடுத்த வாரம் லாரி வந்தது. மூட்டையோடு இறங்கியவர் வேறு ஆள், அண்ணனோடு சேர்ந்து மூட்டை தூக்கும் ஜோடிக்காரர். அண்ணன் எங்கே என்று கேட்டேன்.

"அவனா? அவன் வயித்துக்குள்ள வெடி இருக்காம்ல. இங்கதான் எவனோ படிக்கிற பய மிசின் வச்சுப் பாத்துச் சொன்னானாம். ஒம்போது நாளா வீட்டோட கெடக்கான். அந்தப் பய நீயா தம்பி?"

நான்தான் என்றேன். நேராகப் போய் மேடத்திடம் இரண்டையும் சொன்னேன், அண்ணனிடம் உளறியதையும் மேடத்திடமே பொய் சொன்னதையும். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். கார் சாவியை எடுத்தார். "வீட்டக் காட்டச் சொல்லு அந்த ஜோடிக்காரரை" என்றார்.

செல்லூரில் கார் நுழையாத சந்து. இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அண்ணன் சுவரில் சாய்ந்து, வயிற்றின் மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. "போயி, ஆமான்னு அவுகளும் சொல்லிட்டா? பெருநாள் முடியட்டும்னு இருந்தேன்" என்றார். அவர் மனைவி கதவோரம் நின்றபடி, மேடத்தைப் பார்த்துச் சொன்னார். "ஒம்போது நாளா மகளத் தூக்கலம்மா. அது 'அத்தா தூக்கு, அத்தா தூக்கு'ன்னு காலக் கட்டிக்கிட்டு அழுவுது. இவரு கீழ உக்காந்து கட்டிப் பிடிச்சுக்கிறாரு." ஐந்து வயதுப் பெண். என்னைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றது.

மேடத்துக்குத் தெரிந்த டாக்டரிடம் அன்றே ஸ்கேன் எடுத்தோம். பழைய கெட்டிக் கருவிதான். குழாய் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு குறையும் இல்லை. டாக்டர் என் படத்தையும் வாங்கிப் பார்த்தார். "இத அகலத்துல அளந்திருக்கீங்க. முன்னுக்கும் பின்னுக்குமாத்தான் அளக்கணும். அப்படி அளந்திருந்தா உங்க படத்துலயே சந்தேகம் வந்திருக்கும்" என்றார். அந்த இரண்டு பக்கத்தைக்கூட நான் ஒழுங்காகப் படிக்கவில்லை.

திரும்பும்போது காரில் அண்ணன் மூன்று தடவை கேட்டார், "அப்ப ஒண்ணுமில்லல்ல?" மூன்று தடவையும் மேடத்திடம்தான் கேட்டார். வீட்டு வாசலில் மகள் ஓடிவந்தாள். அவர் குனிந்து கையை நீட்டினார். பிறகு நின்றார். ஒரே ஒரு நொடி. பிறகுதான் தூக்கினார். ரிப்போர்ட் கையில் இருக்கும்போதும் வந்த அந்த ஒரு நொடி நான் அவருக்குள் போட்டது.

மேடம் தம் பங்குக்கு எல்லாவற்றையும் எழுதி, அனுமதி கொடுத்த குழுவுக்கு அனுப்பினார். சோதனையை நிறுத்தினார்கள். சரிதான் என்று நினைத்தேன். இத்தோடு முடிந்தது என்றும் நினைத்தேன். முடியவில்லை.

பெருநாள் கழிந்து ஒரு காலை ஜோடிக்காரர் போன் செய்தார். "தம்பி, அவன் மார்க்கெட்டுக்கு வந்து நாலு நாளாச்சு. ஒருத்தரும் ஏத்திவிட மாட்டேங்கிறோம். நீயே வந்து சொல்லு."

எனக்கு அதுவரை தெரியாத விஷயம் இது. மூட்டை தானாகத் தலைக்கு வராது. சுமப்பவர் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து நின்றால், இரண்டு பேர் தூக்கி அதன்மேல் வைக்க வேண்டும். உடம்புக்கு ஆகாது என்று பேச்சு எழுந்த ஆளுக்கு அந்தக் கூட்டத்தில் யாரும் ஏற்றிவிட மாட்டார்கள். அவர் விழுந்தால் பாவம் ஏற்றிவிட்டவரைச் சேரும். அண்ணன் ரிப்போர்ட்டைக் காட்டிப் பார்த்திருக்கிறார். "ஒரு மிசின் இருக்குங்குது, ஒரு மிசின் இல்லைங்குது. எத நம்புறது?" என்றிருக்கிறார்கள். அண்ணன் நாலு நாளாகச் சும்மாட்டோடு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

ஏழு மணிக்குப் பரவை மார்க்கெட்டில் இருந்தேன். வெங்காய லாரி பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். என்னைப் பார்த்ததும், "வந்துட்டாருய்யா வெடி டாக்டரு" என்று ஒருவர் குரல் கொடுத்தார். அண்ணன் சற்றுத் தள்ளி நின்றார். டீக்கடையில் சர்க்கரை அள்ளும் எவர்சில்வர் கரண்டியை வாங்கினேன். பின்பக்கத்தைக் காட்டி மூஞ்சியைப் பார்க்கச் சொன்னேன், பிறகு குழிப்பக்கத்தை. குழியில் முகம் தலைகீழாகத் தெரிந்தது. "என் மெஷினுக்கு நான் பின்பக்கத்தை மட்டுமே காட்டிப் பழக்கிட்டேன். குழியும் உண்டுன்னு காட்டலை. அண்ணன் நோன்பு வச்சுப் படுத்திருந்தாரு, அவர் வயிறு குழிஞ்சிருந்துச்சு. அது தப்பா வரைஞ்சிருச்சு. நானும் தெரியாம, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். தப்பு அவர் வயித்துல இல்ல, என்கிட்ட."

"நோன்பு வயிறு உள்ளதானப்பா போகும், இதுக்கு எதுக்கு மிசினு?" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். முடியவில்லை.

ஜோடிக்காரரும் சிரிக்கவில்லை. "நாங்க தப்பா தூக்குனா மூட்ட எங்க மேல விழும். நீ தப்பா சொன்னா யாரு மேல விழுகுது பாத்தியா?" என்றார். பிறகு ஒரு வெங்காய மூட்டையைக் காலால் தட்டினார். "சரி. ஒண்ணுமில்லைங்கிறேல்ல. அந்தப் பக்கம் நீ பிடி. நீ ஏத்திவிடு."

அண்ணன் வந்து எனக்கு எதிரே நின்றார். சும்மாட்டைத் தலையில் சரிசெய்தார். மூட்டையின் என் பக்கத்து முனையில் இருந்த இரண்டு காதைப் பிடித்தேன்; என் பக்கம் தூக்க முடியாமல் சரிந்தது. "மூச்சப் பிடிச்சுத் தூக்கு தம்பி" என்றார் அண்ணனே. ஜோடிக்காரரும் நானுமாகத் தூக்கினோம். மூட்டை அவர் தலையில் உட்கார்ந்தது. அவர் முழங்காலை நிமிர்த்திய அந்தக் கணத்தில், ரிப்போர்ட்டை என் கண்ணால் பார்த்த நானே பயந்தேன். என் கண் அவர் வயிற்றின் மேல் இருந்தது. படிக்காதவர்கள் நம்பவில்லை என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், நானும் நம்பவில்லை.

அவர் நடந்தார். கடை வரைக்கும் போய் இறக்கினார். அங்கிருந்தே திரும்பி, "வெடிக்கல தம்பி!" என்று கத்தினார். மார்க்கெட்டே சிரித்தது. ஜோடிக்காரர் என்னை நகரச் சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையை அவருக்கு ஏற்றிவிட்டார்.

இப்போது மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். தட்டு, வாணலி, கரண்டி என்று குழிந்த எல்லாவற்றையும் அச்சாக வைத்து ஜெல்லி செய்கிறேன். பழகாத வளைவைக் கண்டால் படமே வரையாமல், 'இந்த வடிவம் எனக்குத் தெரியாது' என்று எழுதிக்காட்ட நிரலை மாற்றுகிறோம். ஸ்கிரீன் டாக்டர் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும், என் கண்ணில் படாது. அது நானே கேட்டு வாங்கிய விதி. புது அனுமதியும் வந்துவிட்டது. மார்க்கெட்டில் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனிடம் நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. அவரே போன் செய்தார். "நானும் வாரேன். சாப்பிடாம ஒருக்கா, பிரியாணி சாப்பிட்டு ஒருக்கா, ரெண்டையும் பாத்துக்க. ஆனா நீ மட்டும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வெறும் வயிற்றில்தான் முதல் சோதனை, வேண்டுமென்றே குழிந்த அச்சு எதையும் காட்டாமல், பழைய டேட்டாவோடு 'தெரியாது' சொல்ல மட்டும் பழக்கிய நிரலை வைத்து. அது 'தெரியாது' என்று சொன்னால் நாங்கள் ஜெயித்தோம். அந்த ஒரு வார்த்தையை ஒரு மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க இத்தனை மாதம் உழைக்கும்போதெல்லாம், அன்று மதியம் என் வாயில் அது வந்திருந்தால் ஒரு குழந்தை ஒன்பது நாள் தரையில் நின்று அழுதிருக்காது என்பதுதான் ஞாபகம் வருகிறது.